சத்தத்துக்கு ஒரு சமாதானம்

இராமதாஸ் டிவியில் செய்தி கேட்டால், அந்தச் சத்தத்தில் எங்கோ நோணாங்குப்பம் ஆற்றில் படகு ஆடும். அவர் மனைவி கமலவேணி அதைக் குறைக்கச் சொல்லிக் கத்தினால் கவிழ்ந்தே விடும்.

“இனி எங்க அண்ணன் வூட்லதான் இருக்கப்போறேன்!” என்று அவள் பையைத் தூக்கியதும், ஆடியோ மென்பொருள் எழுதும் மகன் செம்மல், டிவி சத்தத்தைத் தன் புரோகிராம் வழியாக விட்டு, இருவர் போனிலும் ஒரு வால்யூம் பட்டையைப் போட்டுக் கொடுத்தான்.

அப்பா ஏற்றினார். “ஆங், இப்பதாண்டா காதுல விழுது!”

அம்மா இறக்கினாள். “அப்பாடா!” பை பரணுக்குப் போயிற்று.

செம்மல் தன் அறையில் மனைவி சுடர்விழியிடம் பெருமையடித்தான். “ரெண்டு பட்டையும் சும்மா. எப்படி இழுத்தாலும் புரோகிராம் நாப்பதுங்கற ஒரே வால்யூமத்தான் அனுப்பும்.”

“பெத்தவங்களயே ஏமாத்தறீங்களே!” என்று சிரித்தபடி அவள் ஃபேன் ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினாள். “ஹப்பா, இப்பதான் காத்து வருது.”

“எனக்குக் குளுருது” என்று அவன் ஒன்றுக்கு இறக்கினான். “ம், இப்ப சரி.”

அறை வாசலில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கடா! கல்யாணமான புதுசுல நீங்க ஃபேனுக்குப் போட்ட சண்டையில எனக்குத் தூக்கமே போச்சு. அப்பவே ஃபேன் மூணுலயே ஓடறமாதிரி வயர மாத்திட்டேன். அந்தத் திருகு சும்மாதான் சுத்துது!”