ஐந்தாவது காரணம்

2025 பிப்ரவரி 10. என் மனைவி தெய்வநாயகியின் இடக்கால் ஏன் இன்னும் வலுப்பெறவில்லை என்பதற்கு, இயன்முறை மருத்துவர் அஸ்வினி சென்ற வாரம் ஐந்து காரணங்கள் எழுதித் தந்தார். ஐந்தாவது, அபாண்டம்.

வயது அறுபத்தாறு, ஒப்புக்கொள்கிறேன். பக்கவாதம் வந்து எட்டு மாதம்; சரி. சர்க்கரை, சரி. சத்துணவு போதாமை, முட்டையைக் கண்டால் முகம் சுளிப்பவள், என்ன செய்ய?

ஐந்தாவதைப் படித்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எட்டு மாதமாக ஒரு செம்புத் தண்ணீருக்குக்கூட அவள் எழுந்ததில்லை. அப்படிக் காத்தவன் நான்.

கோடைக்குள் நடக்காவிட்டால் பிறகு நாற்காலிதான் என்று எச்சரித்தவரும் அஸ்வினியே. கால் பழகிய தரையில் நிறுத்திப் பார்ப்போம் என்றார்.

ஆகவே இன்று காலை, அவள் தம்பியின் உப்பளம். பருவம் தொடங்குமுன் பாத்தியின் களிமண்ணை மிதித்து இறுக்குகிறார்கள். பெண்கள் கைகோத்து, வரிசையாக, அடிமேல் அடி.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பாடம் நடத்தப் பள்ளிக்குப் போகும் வழியில், இதே கரையில்தான் என் சைக்கிள் சங்கிலி நாள்தோறும் கழன்றது. வரிசையின் கோடியில் அவள், முழங்கால்வரை சேறு. அவள் மிதித்து இறுக்கிய தரையில் பிறகு குதிகால் தடம்கூடப் பதியாது என்பார்கள்.

மணமானபின், ஆசிரியர் மனைவி பாத்தியில் இறங்கலாகாது என்று நிறுத்தினேன்.

இன்று ஒருபுறம் அஸ்வினி, மறுபுறம் நான். சேற்றில் இடக்கால் நடுங்கியது. முழங்கையைப் பற்றினேன், இடுப்பையும் பற்றினேன்.

"கைய வுடுங்க வாத்தியாரே! வியுந்தா சேத்துலதான வியுவேன், ரோட்டுலயா வியப்போறேன்?"

அக்காலத்தில் அவளோடு மிதித்த கமலாம்பாள் வரிசையிலிருந்து கூவினாள்: "அவுரு எங்க வுடுவாரு? சைக்கிள் செயினு கழண்டுபூடுமே!"

வரிசை முழுதும் சிரித்தது.

அப்போதுதான் கவனித்தேன். அஸ்வினி எப்போதோ கையை எடுத்திருந்தார்.

நானும் எடுத்தேன்.

இடக்கால் எழுந்தது. தயங்கியது. இறங்கியது. மண் இறுகியது.

கரையேறித் தாளைப் பிரித்தேன். ஐந்தாவது காரணம்: 'கணவர் எழுந்து நிற்கவே விடுவதில்லை.'

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி அமர்ந்திருக்கிறாரா? அவருக்கென்று ஏந்திச் செல்லும் செம்பைக் கீழே வையுங்கள். அவரே எழுந்து எடுக்கட்டும். அருகில் நில்லுங்கள், பிடிக்காதீர்கள்.