நீள அலை
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண் இருப்பதே கைபேசியைப் பார்க்கத்தான், கடலை எவன் பார்க்கிறான் என்று முணுமுணுத்தபடி, வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவொன்றில், கடல் புகுந்து வரும் பாறைப் பிளவின் விளிம்பில் நிற்கிறார் ஹானுஸ். கீழே மகள் மார்யுன், எதிர்த்தீவில் மேயும் ஆடுகளைக் கொண்டுவரப் படகைச் சரிவில் இறக்குகிறாள். "ஒரு மீட்டர் அலைதாம்பா. உனக்கு எதப் பாத்தாலும் பயம்." "உயரத்த விடுடி, எண்ணிப் பாரு." ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பதினாறு நொடி. அதுவரை கடல் எண்ணெய்போல் வழுவழுவென்று கிடக்கிறது. "எங்கயோ அடிச்ச புயலோட நீள அலை இது. ஆழத்துல படுத்துக் கெடக்கும், ஆழம் கொறஞ்சா எந்திரிச்சு நிக்கும்." அவள் சிரித்து முடிப்பதற்குள் பிளவில் நுழைந்த அலை ஆளுயரத்துக்கு நிமிர்கிறது. படகு பாறையில் மோதி முனகுகிறது. இடுப்புவரை நனைந்து, பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துத் தொங்கியபடி, "போகலப்பா, சத்தியமா," என்கிறாள். கண் மட்டும் ஆடுகள் மேலேயே இருக்கிறது. ஹானுஸ் இறங்கி, இரண்டு துடுப்புகளையும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறார்.