ரோனிக்கு எத்தனை பட்டம்?

“ஹென்ட்ரிக்கு உலகப் பட்டம் ஏழு, ரோனிக்கு அஞ்சு. அப்புறம் யார் பெரியவன்னு என்னப்பா பேச்சு?” ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் எமி.

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோத்குண்டாவிலிருந்து சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வருகிற மகள், அப்பாவின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. உலகத்திலேயே சிறந்த ஸ்னூக்கர் ஆட்டக்காரர் யார் என்ற சண்டைதான். அப்பாவுக்கு ரோனி ஓசலிவன், மகளுக்கு ஸ்டீபன் ஹென்ட்ரி.

தனசிங் சண்டை போடும் நிலையிலா இருக்கிறார்? போன மாதம் ரொட்டி வாங்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் திருமுல்கேரி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்த ஆட்டோக்காரர் அப்துல் காதர்தான் அடையாளம் கண்டு கூட்டிவந்து விட்டார். ஞாபகம் இனி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அவரை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எமியோ வாராவாரம் அவர் ரத்தத்தைக் கொதிக்கவைத்தாள். அவள் ஒன்று சொல்வாள், அவர் நாற்காலியில் நிமிர்வார். “ஏட்டி, தெரியாம பேசாத” என்று தொடங்கி, எந்த வருஷம், எதிரே ஆடியது யார், கடைசிப் பந்து எந்தக் குழியில் விழுந்தது என்று மூச்சுவாங்கப் பேசுவார். சாப்பிட உட்காரும்போதும் முகம் சிவந்தே இருக்கும்.

பியூலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “கைக்கு, எதுக்கு எமி அவரை இப்படி நோண்டுத? இன்னைக்கு நக்கோ, வேண்டாம்.” இதற்கும் கேட்காவிட்டால் இனி சனிக்கிழமை வரவே வேண்டாம் என்று சொல்லிவிட அவள் முடிவுசெய்திருந்தாள்.

“இது எங்க கேம்மா. நீ போய் மீனப் பாரு.”

டி.வி. பக்கத்தில் ஒரு படம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம், ரோனி உலகப் பட்டம் வென்ற ராத்திரி எடுத்தது. அப்பா நாலு விரலும் மகள் மூன்று விரலும் நீட்டிச் சிரிக்கிறார்கள். அன்று இருவரும் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அது என்ன விரல் கணக்கு என்று பியூலா கேட்டதில்லை. குச்சியால் பந்தைத் தள்ளுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் கேட்டாள். அன்று கூடச் சேர்ந்து குதித்த மகள், அப்பாவுக்கு இப்படியான பிறகு எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டாளே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்த ஆட்டத்தில் பியூலாவுக்குத் தெரிந்தது கொஞ்சம். கல்யாணமான புதிதில், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கணவர் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. எதிராளி ஃபவுல் செய்தால் நமக்குக் குறைந்தது நாலு புள்ளி வரும். மேஜையில் மிச்சமுள்ள பந்துகளையெல்லாம் குழியில் போட்டாலும் ஜெயிக்க முடியாது என்றாகிவிட்டால், தோற்பவரே எழுந்துபோய்க் கையை நீட்டிவிடலாம். எதிராளி அந்தக் கையைப் பிடித்ததும் ஆட்டம் முடிந்தது.

தனசிங் அப்படிக் கை நீட்டி அவள் பார்த்ததே இல்லை. எதிராளி ஃபவுல் செய்வான், அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று கடைசிக் கறுப்புப் பந்துவரை நிற்பார்.

இன்று அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அஞ்சா?” என்றார்.

“அஞ்சுதான். இல்லன்னா சொல்லுங்க.”

உதடு அசைந்தது. எண் வரவில்லை.

எமி ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். ரோனி ஒரே மூச்சில் நூற்று நாற்பத்தேழு புள்ளி எடுத்ததே கிடையாது என்றாள். இதைக் கேட்டால் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். இன்று எழவில்லை.

அவள் குரல் இறங்கியது. “அவன் ரைட் ஹேண்டுல மட்டுந்தானப்பா ஆடுவான்? லெஃப்ட்ல ஆடவே தெரியாதுல்ல?”

தனசிங் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்தார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். மறுபடியும் இடதைப் பார்த்தார்.

“சொல்லுங்கப்பா,” என்றாள் எமி. ஜெயிக்கிறவளின் குரலாக அது இல்லை. அதட்ட வாயெடுத்த பியூலா அப்படியே நின்றுவிட்டாள்.

தனசிங் மெல்ல வலது கையை நீட்டினார். எழுந்திருக்கப் பிடிமானம் கேட்கிறார் என்று நினைத்து பியூலா ஓடிப்போய்த் தாங்கப் பார்த்தாள். அவர் அவளை விலக்கிவிட்டு, மகளுக்கு முன்னால் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.

எமி அதைப் பிடிக்கவில்லை. மாட்டேன், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பியூலாவின் கண் டி.வி. பக்கம் போனது. நாலு விரல். மூன்று விரல். ரோனிக்கும் ஏழு.

“பிடிட்டி,” என்றார் தனசிங். “எனக்காக நீ வேணும்னே ஃபவுல் பண்ணினது போதும்.”