தேடி வந்தவர்கள்

கதவுக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பொலிஸ் தொப்பி தெரிந்ததும் ஆனந்தராஜா கதவைத் திறக்கப் போகவில்லை. குசினிக்குப் போனார்.

பிரிஜ்ஜில் ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்தார். இங்கிலீசில் இரண்டு பெயர், நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு, பக்கத்தில் நேரங்கள். நேரத்தைத் தவிர வேறொன்றும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தாளை அதன்மேல் பிடித்தார். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் வந்து கதவைத் திறந்தார்.

லண்டன் செவன் கிங்ஸில் அந்த வீட்டில் அவரும் இளைய மகன் ஜதுசனும் மட்டும்தான். ஜதுசன் சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டுக் காரில் போனவன். ஸ்கொட்லாந்தில் மலை ஏறப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டு மலை. அதுவும் தனிய.

"மேலை கோயில் கீயில் இருக்கோடா?"

"இல்லை அப்பா."

"அப்ப என்னத்துக்கு ஏறுறாய்?"

"இறங்கத்தான்."

"ஏறத்தான் வேணுமெண்டா ஆர்ச்வேயிலை முருகன் மேட்டிலைதானே இருக்கிறார். வாசல்வரைக்கும் பஸ் போகுது."

அவன் சிரித்துவிட்டுப் பையைக் கட்டினான். ஆனந்தராஜா அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். வரைபடம், திசைகாட்டி, ரோர்ச் லைற், விசில், குளுக்கோஸ் பிஸ்கட். மலை பார்க்கப் போகிறவனுக்கு விசில் என்னத்துக்கு? இப்படிப் பை கட்டிக்கொண்டு தனியப் போன பிள்ளைகளை அவர் ஊரில் கண்டவர். ஒருத்தனும் மலைக்குப் போனதில்லை, இயக்கத்துக்குத்தான்.

"அந்தத் தாளைக் கழட்டிப் போடாதேங்கோ அப்பா." போகும்போது மகன் சொன்னது அவ்வளவுதான்.

இன்று திங்கட்கிழமை. வாசலில் ஒரு பொலிஸ்காரன், ஒரு பொலிஸ்காரி. "நோ இங்கிலீஸ்" என்று ஆனந்தராஜா கையை விரித்தார். பொலிஸ்காரி உள்ளே வந்து உட்கார்ந்து, போனில் யாரையோ பிடித்து ஸ்பீக்கரில் விட்டாள். மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்.

"வணக்கம் ஐயா. ஜதுசன் உங்க பையனா?"

"ஓம்."

"அவரைத்தான் தேடுறாங்க. ஸ்காட்லாந்துல கார் கிடைச்சிருச்சு. ஆள் இன்னும் கிடைக்கல."

கார் அகப்பட்டுவிட்டது. ஆள் தப்பிவிட்டான். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

"எந்த வழியா போறேன்னு எழுதி வெச்சிருக்காரா? உங்க வீட்டு பிரிட்ஜ்ல ஒரு பேப்பர் இருக்கும்னு சொல்றாங்க."

பிரிஜ் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆரோ காட்டிக் கொடுத்திருக்கிறான்.

"போய்ப் பாக்கட்டும். ஒண்டுமில்லை."

பொலிஸ்காரன் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"என்ன கலர் ஜாக்கெட் போட்டிருந்தாரு?"

ஒரு மைல் தூரத்திலேயே கண்ணைக் குத்துகிற செம்மஞ்சள். "கறுப்பு" என்றார்.

பொலிஸ்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரக்கமாகப் பார்த்தாள். அந்த இரக்கமும் அவருக்குப் புதிதில்லை. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரன் வாசலில் நின்று மூத்தவன் திருமாறனைக் கேட்டதும் இப்படித்தான். மரியாதையாக, மொழிபெயர்க்க ஒருத்தனையும் வைத்துக்கொண்டு. "ரியூசனுக்குப் போனவன்" என்று ஆனந்தராஜா உண்மையைச் சொன்னார். எந்த ஒழுங்கை என்று கையையும் நீட்டிக் காட்டினார். அவன் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

"பிள்ளை, அவையளுக்குச் சொல்லு" என்றார் போனைப் பார்த்து. "நேற்றுப் பின்னேரமே மகன் எனக்குப் போன் எடுத்தவன். கார் பழுதெண்டு விட்டிட்டு, கூட்டாளியின்ரை காரிலை லண்டனுக்கு வந்திட்டானாம். அவன்ரை வீட்டிலைதான் நிக்கிறான்."

"நிச்சயமா ஐயா? அவர் குரலை நீங்களே கேட்டீங்களா?"

"என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"

அவருடைய போன் சனிக்கிழமையில் இருந்து மேசை லாச்சிக்குள் நிப்பாட்டிக் கிடந்தது. முன்பின் தெரியாதவர்கள் எடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று, தேவைக்கு மட்டும்தான் அதைத் திறப்பார்.

பொலிஸ்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. ரேடியோவில் கடகடவென்று ஏதோ சொன்னாள். எழும்பும்போது அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். பொய்யைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற பொலிஸை அவர் இந்த வயதுக்குக் கண்டதில்லை. விசரி.

அவர்கள் போனதும் கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டார். மூத்தவனுக்குச் செய்யத் தவறியதை இளையவனுக்குச் செய்தாயிற்று. முப்பது வருடமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. ஆற அமரத் தேத்தண்ணி போட்டுக் குடித்தார்.

பிறகு ஜதுசனை உசார்ப்படுத்தப் போனைத் திறந்தார். சவுத்தாலில் இருக்கும் மகள் அன்பரசி இரவு முழுக்க எடுத்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கவே திரும்பவும் அடித்தது.

"அப்பா!" அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "ராத்திரி முழுக்க நான் செத்துப் பிழைச்சன். மலையாலை இறங்கினதும் தம்பி எனக்கு மெசேஜ் போடுறவன். நேற்றுப் போடேல்லை. அங்கை பனியும் கொட்டினது. அதுதான் நானே பொலிசுக்கு அடிச்சனான், அந்தத் தாள் இருக்கிற இடமும் நான்தான் சொன்னனான். அவன் உங்களோடை கதைச்சவனாமே!"

ஆனந்தராஜா குசினிப் பக்கம் திரும்பினார். தொட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு துண்டு இன்னும் ஒட்டிக் கிடந்தது.

"இப்பதான் சொன்னவங்கள், ஹெலிகொப்டரும் திரும்பிட்டுதாம். தேடுறதை நிப்பாட்டிட்டாங்கள் அப்பா!"