பாட்டிலில் ஒட்டிய சீட்டு

"ஒன்பதாம் நம்பருக்கு நேரா மட்டும் ஒண்ணுமே எழுதலையே, அக்கா?"

தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டான் கோல்கீப்பர். பாட்டிலின் வயிற்றில் அவள் ஒட்டியிருந்த சீட்டில் எதிரணி ஆட்டக்காரர்களின் எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் எண்ணுக்கு நேரேயும் ஒரு குறிப்பு: பெனால்டி அடித்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று. ஆட்டம் சமனாகிப் பெனால்டியில் வந்து நின்றால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீப்பர் அதைப் படித்துக்கொள்வான்.

எதிரணியின் பழைய ஆட்டங்களைக் கண் பூத்துப்போகப் பார்த்து இந்தச் சீட்டை எழுதுவதுதான் அவள் வேலை. அணியில் எல்லோருக்கும் அவள் 'வீடியோ அக்கா'.

"அவன் பெனால்டி அடிச்ச வீடியோவே கிடையாதுடா. பந்தைக் கையில குடுத்தாலும் அடுத்தவன்கிட்ட தள்ளிவிட்டுட்டு நழுவிடுவான்."

"அப்ப இன்னைக்கும் நழுவிடுவான்."

"முடியாது. வழக்கமா அடிக்கிறவனுக்குக் கால்ல கட்டு. இன்னைக்கு இவன்தான் கேப்டன்."

அன்று பிற்பகல் இறுதியாட்டம். கண்டத்துக்கு ஒன்றாகக் கோப்பை வென்று வந்த கிளப்புகள் மோதி மோதி, கடைசியில் இரண்டு மிஞ்சியிருந்தன. இவர்கள் கிளப் இவ்வளவு தூரம் வந்ததே முதல் தடவை. மலையோடு மோதப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் பரிதாபப்பட்டிருந்தன. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலையைப் பெயர்க்க வேண்டாம், எங்கே விரிசல் என்று தெரிந்தால் போதாதா?

உடை மாற்றும் அறைக்குள் கோச் வந்தார். சீட்டின் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கீப்பரை ஷூ மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது காலியாவே இருக்கட்டும்மா. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

"நானே சொல்வேனே, சார்."

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு."

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"ஆரம்பிச்சிட்டாங்களாடி?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா. டிவியைப் போட்டுட்டு உட்காரு."

"நான் போடப் போறதில்ல. என் நெஞ்சு தாங்காது. முடிஞ்சதும் நீயே சொல்லு."

"ஜெயிச்சிருவோம்மா."

அம்மா "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். ஆறு வருடங்களில் எந்தக் குறிப்பையும் இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்து அவள் எழுதியதில்லை. ஆனாலும் பேனா கனத்தது. எழுதாமல் விட்டுத் தோற்றால், நாளைக்கு இந்தப் பையன்களின் முகத்தில் எப்படி விழிப்பது? எழுதி ஜெயித்தாலும் ஒரு முகத்தில் விழித்துத்தான் ஆகவேண்டும்.

எழுதினாள்: 'அவனுக்கு இடது, உனக்கு வலது. தரையோடு.'

கீப்பர் எட்டிப் பார்த்தான். "வீடியோ இல்லாம எப்படிக்கா? ஜோசியமா?"

"அவனுக்கு வலது பக்கம் அடிக்கப் பயம்."

"என்ன பயம்?"

"கண்ணாடி உடைஞ்சிடும்னு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கோல்போஸ்ட்ல ஏதுக்கா கண்ணாடி? வலைதானே இருக்கு!"

"ஆராய்ச்சியெல்லாம் நான் பண்ணிக்கிறேன். நீ பாய்ஞ்சா போதும்."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் அப்படியே. பெனால்டி வந்தது. இரண்டு பக்கமும் நான்கு நான்கு கோல்கள். இவர்களுடைய ஐந்தாவதும் வலைக்குள் போனது. எதிரணிக்கு மிச்சம் ஒரே ஓர் அடி. ஒன்பதாம் நம்பர் நடந்து வந்தான். இதைக் கோட்டைவிட்டால் கோப்பை போய்விடும்.

பந்தைத் துடைத்து வைத்துவிட்டு, நிமிர்ந்து ஒரு கணம் இவர்கள் அணி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

கீப்பர் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். பாட்டிலைக் கீழே வைத்தான்.

விசில்.

கீப்பர் யோசிக்கவே இல்லை, வலது பக்கம் பாய்ந்தான். தரையோடு வந்த பந்து அவன் விரல்களில் பட்டு, கம்பத்தைத் தாண்டி வெளியே போனது.

அணி மொத்தமும் அவன்மேல் போய் விழுந்தது. கோச் அழுதுகொண்டே சிரித்தார். அவள் மட்டும் அந்தக் கும்பலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். ஒன்பதாம் நம்பர் புல்லில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்திருந்தான். நிழல் பட்டதும் நிமிர்ந்தான்.

"நீ அதை மட்டும் எழுத மாட்டேன்னு நம்பித்தான் அங்கேயே அடிச்சேன்."

அவள் குனிந்து, அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். எழுந்திருக்கக் கை நீட்டினாள். "சமையலறை ஜன்னல் உடைஞ்சு இருபது வருஷம் ஆச்சு. இன்னுமாடா அந்தப் பயம்?"

நீட்டிய கையைப் பிடித்து எழுந்துகொண்டே அவள் தம்பி சொன்னான்: "அன்னைக்கும் உடைச்சது நீ, அம்மாகிட்ட அடி வாங்கினது நான்."