சந்தில் நின்று கேட்டவன்

“ஆறடி ஒசரம்பா! செக்கச்செவேல்னு கீறான். தலையில தொப்பி, வாயில சுருட்டு. தொரைன்னா அவன்தான் தொரை!”

டீக்கடைத் துடைப்பத்தைக் கிடார் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்று வாசித்துக் காட்டினான் தமீம். கூடியிருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

முதல்நாள் சாயங்காலம் ராயபுரத்தில், சட்டைக்காரர்கள் எனப்படும் ஆங்கிலோ-இந்தியர்களின் நடன மண்டபத்தில் கிடார் கச்சேரி. உள்ளே மெம்பர்களுக்கு மட்டும்தான் இடம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இவர்களெல்லாம் பின்பக்கச் சந்தில் சுவரோடு ஒட்டி நின்று கேட்டார்கள். தமீம் மட்டும் சுவரேறி, வாசித்தவனைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மொதல்ல டான்ஸ் பாட்டா அட்சான் பாரு, என் காலு தானா ஆடிக்கினு இருந்துச்சு,” என்றார் கடைக்கார உசேன் பாய். “கடையக்கூட பூட்டாம ஓடியாந்துட்டேன்.”

“அது இன்னா பாய், அப்பால மெதுவா ஒண்ணு வாசிச்சானே! அதுக்குப் பேரு ப்ளூஸாம். யுத்தத்துக்கு வந்த கறுப்பு சோல்ஜருங்க பாட்டுன்னு வாட்ச்மேன் சொன்னான்,” என்றான் தமீம்.

மஜீதும் அந்தக் கூட்டத்தில் மூட்டை தூக்குபவன்தான். போன மழைக்காலத்தில் கிரேன் சங்கிலி அறுந்து, அவன் தம்பி சௌக்கத் அலி இரும்புப் பாரத்தின் அடியில் நசுங்கிச் செத்தான். வெறும் கையால் பாரத்தைப் புரட்டி உடம்பை வெளியே எடுத்தவன் மஜீது. அடக்கம் முடிந்து மண் தள்ளும்போதுகூட அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பெற்ற தாயே சொன்னாள்.

நேற்று அந்த மெதுவான பாட்டில் ஓரிடத்தில் கிடார் தொண்டை அடைத்த மாதிரி கீழே இறங்கியது. அங்கேதான் அவன் உடைந்தான். சந்துச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்கள் விலகிப் போகும் அளவுக்கு அழுதான்.

“அந்த எடத்துல கிடாரு அழுதுச்சு பாய்,” என்றான் இப்போது. “என் தம்பியக் கூப்ட்ட மாதிரி இருந்துச்சு.”

“அழுவல அண்ணாத்தே. வெரலு வழுக்கிச்சு.”

எல்லாரும் திரும்பினார்கள். கடைக்கோடியில் கட்டம் போட்ட கைலியும் கிழிந்த பனியனுமாக ஒருவன் குந்தியிருந்தான். கறுத்து, மெலிந்த ஆள். இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னா சொன்ன?”

“கம்பியெல்லாம் வேர்வ. வெரலு வழுக்கி சுதி எறங்கிப்போச்சு. அந்தப் பாட்டே குட்டிச்சுவராப் பூட்ச்சு.” கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மஜீது எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அறை விழுந்த சத்தம்தான் கேட்டது. கிளாஸ் பறந்துபோய் உடைந்தது. அந்த ஆள் தகரத் தட்டியில் மோதிக் கீழே சரிந்தான்.

“நல்லா வாசிச்சான்னு சொல்லு!”

“நான் சொல்றத கேளு நைனா...”

இரண்டாவது குத்து வாயில் விழுந்தது. உடைந்த பல்லோடு ரத்தம் மண்ணில் தெறித்தது. மஜீது அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து, தலையைத் தட்டியில் மோதினான்.

“என் தம்பிக்காக என்ன அழுவவுட்டாண்டா அவன்! நல்லா வாசிச்சான்னு சொல்லு!”

“இல்ல... சரியா வாசிக்கல,” என்று ரத்தத்தோடு முனகினான் அவன்.

“டேய் மஜீது, வுடுறா! செத்துகித்துப் போயிடப் போறான்!” உசேன் பாய் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். மஜீது உதறியதில் பாய் பாய்லர்மீது போய் விழுந்தார். தமீம் பெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை.

உதைமேல் உதை விழுந்தும் அந்த ஆள் கையால் தடுக்கவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிச் செருகிக்கொண்டு, முகத்தில் விழுந்ததை முகத்திலேயே வாங்கினான்.

“கையில இன்னாடா ஒளிச்சு வச்சுகினுகீற? கத்தியா?”

மஜீது அவன் இடது கையைப் பிடுங்கி வெளியே இழுத்தான். கத்தி இல்லை, வெறுங்கை. ஆனால் அதற்கப்புறமும் மஜீதால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. தம்பி செத்ததற்கு யாரை அடிப்பது என்று தெரியாமல் இத்தனை நாளும் உள்ளே கிடந்த கோபம் அது. அந்தக் கையை வாசற்படிக் கருங்கல்லில் வைத்து அழுத்தினான். இடுப்பிலிருந்த, மூட்டை இழுக்கும் கொக்கியை உருவி, அதன் கட்டைப் பிடியால் ஓங்கி அடித்தான்.

எலும்பு முறிந்த சத்தம் ரோட்டுவரை கேட்டது. இன்னொரு அடி. விரல்கள் நான்கும் நாலு திசையில் திரும்பிக்கொண்டன.

அந்த ஆள் கத்தவில்லை. கையை மடியில் வைத்து, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் உதடு கோணி, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

மஜீதுக்கு மூச்சு வாங்கியது. குனிந்து அவன் பனியனைப் பிடித்துத் தூக்கினான்.

“இப்பவாச்சும் சொல்லு. நல்லா வாசிச்சான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாடா கொறஞ்சு பூடுவ?”

ரத்தத்தை விழுங்கிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“வாசிச்ச நானே, நல்லா வாசிச்சேன்னு எப்டி நைனா பொய் சொல்றது?”