குமாஸ்தா கதையின் மீதி

டிரைவர் முதலாளியை மிரட்டிக் காரியம் சாதிக்கிறார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. பேசுவதிலும் தப்பில்லை. ஒரே வாரத்தில் அவருக்குத் தனி அறை, புது மொபைல். போதாக்குறைக்கு முதலாளியே, "சாப்பிட்டியாப்பா?" என்று விசாரிக்கிறார்.

டிரைவருக்குத்தான் ஒரு மண்ணும் புரியவில்லை.

அவர் செய்ததெல்லாம் வழக்கமான வேலைதான். வண்டி ஓட்டிக்கொண்டே பழைய கறுப்பு வெள்ளைப் படக் கதை சொல்வார். பதினைந்து வருடப் பழக்கம். ஆபீஸ் வந்ததும் கதை நின்றுவிடும்.

போன திங்கட்கிழமை சொன்னது ஒரு மில் குமாஸ்தா கதை. முதலாளி மறைத்த ரிப்போர்ட் ஒன்று அவன் கையில் சிக்கிவிடுகிறது.

"நேரா போய் நிக்கிறான் சார். 'உங்க குட்டு என் கையில. இனிமே நான் சொல்றதைத்தான் நீங்க கேக்கணும்'னு சொல்றான்."

"அப்புறம்?"

"ஆபீஸ் வந்துடுச்சு சார். மீதி நாளைக்கு."

மறுநாள் முதலாளி கதை கேட்கவில்லை. தனி அறை கொடுத்தார்.

"உங்க தம்பி கை போனப்ப எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். இப்ப ஏன் இப்படிக் குழையறாரு?" என்றாள் மனைவி.

"அவன் பேச்சை எடுக்காதே."

முதலாளியின் ஃபேக்டரியில் கவனமில்லாமல் மெஷினில் கையை விட்டு, வேலையையும் தொலைத்து, சிபாரிசு செய்த அண்ணன் மானத்தையும் வாங்கியவன் அவன். ஆறு மாதமாகத் தம்பியோடு பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை, பின்சீட்டில் முதலாளி உடைந்துபோனார்.

"போதும்ப்பா, வதைக்காதே. மெஷின் பிரேக் பழுதுன்னு ரிப்போர்ட் வந்தும் நான்தான் ஓட்டச் சொன்னேன். பழியை உன் தம்பி மேல போட்டேன். அந்த ரிப்போர்ட்டை இந்த வண்டியிலதான் தவறவிட்டேன், நீதானே எடுத்தே? கொடுத்துடு. உனக்கு என்ன வேணும், சொல்லு."

எந்த ரிப்போர்ட்? கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தார் டிரைவர். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நெஞ்சு எரிந்தது. முதலாளி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம்.

வண்டியைத் திருப்பினார்.

"எங்கப்பா போற?"

"தம்பி வீட்டுக்கு சார். முதல்ல நீங்க மன்னிப்பு கேளுங்க. உங்களுக்கு அடுத்து வரிசையில நான் நிக்கிறேன்."